ரொட்டி ஏந்திய பெண்ணும் நான்கு கோபுரக் கிரீடமும்: போர்த்துகல் ஊர்ச் சின்னங்களைப் படிப்பது எப்படி?

போர்த்துகலின் வட எல்லையில், மின்யு ஆற்றங்கரையில், மொன்சாவ் என்றொரு சிறுநகரம் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் ஸ்பெயின். சுற்றுக் கிராமங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 18,000 பேர் வாழும் இடம். இந்த ஊரின் அதிகாரபூர்வச் சின்னத்தில் ஒரு கோபுரம் நிற்கிறது. அதன் உச்சியில் இடுப்புவரை தெரியும்படி ஒரு பெண். அவள் கைக்கு ஒன்றாக இரண்டு ரொட்டிகளைப் பிடித்திருக்கிறாள்.

அரசுச் சின்னம் என்றால் சிங்கம், கழுகு, வாள் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பெண் புதிதாகத் தெரிவாள். அவள் யார் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அவளைச் சுற்றி இருக்கும் மற்ற விஷயங்களை முதலில் படிக்கத் தெரிந்துகொண்டால் கதை இன்னும் நன்றாகப் புரியும்.

போர்த்துகலில் 308 நகராட்சிகள் உள்ளன. பெருநிலப் பகுதியில் 278, அசோர்ஸ் தீவுகளில் 19, மதெய்ராவில் 11. நகராட்சி என்றால் அங்கே நகரம் மட்டும் இல்லை. ஒரு தலைமை ஊர், அதைச் சுற்றியுள்ள கிராமங்கள், வயல்கள், மலைகள் எல்லாம் சேர்ந்த நிர்வாகப் பகுதி. ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒரு மரபுச் சின்னம் உண்டு. அதை நடுவில் தாங்கிய கொடியும் உண்டு. ஒருசில பழைய விதிவிலக்குகளை விட்டுவிட்டால் எல்லாமே ஒரே இலக்கணத்தில் அமைந்தவை. அந்த இலக்கணம் மிகச் சிறியது. அது பிடிபட்டுவிட்டால், பெயரே தெரியாத ஓர் ஊரின் கொடியைப் பார்த்தும் அந்த ஊரின் தகுதி என்ன, அது எதை நினைவில் வைத்திருக்க விரும்புகிறது என்பதைச் சொல்லிவிடலாம்.

முதலில் கிரீடத்தைப் பாருங்கள்

சின்னத்தின் நடுவில் ஒரு கேடயம். மேல்விளிம்பு நேராக, கீழ்ப்பகுதி அரைவட்டமாக வளைந்திருக்கும். கேடயத்தின் மேலே ஒரு கிரீடம். கீழே ஊரின் பெயர் எழுதிய வெள்ளை நாடா. பார்ப்பவர்கள் எல்லோரும் கேடயத்துக்குள்தான் முதலில் நுழைவார்கள். ஆனால் மேலே இருந்து தொடங்குவதே நல்லது.

அந்தக் கிரீடம் எந்த மன்னருடையதும் அல்ல. உற்றுப் பார்த்தால் கல் அடுக்கிக் கட்டிய மதில் வளையமாகத் தெரியும். மதிலின் மேல் கோபுரங்கள் எழும்பியிருக்கும். இதை மதில் கிரீடம் என்று சொல்லலாம். ரோமானியப் படையில், எதிரியின் கோட்டை மதிலில் முதலில் ஏறி நின்ற வீரனுக்கு இந்த வடிவில் ஒரு கிரீடம் பரிசாகக் கிடைத்தது. பழங்காலச் சிற்பங்களில் நகரங்களைக் காக்கும் தெய்வங்களும் கோபுரம் வைத்த கிரீடத்தோடுதான் இருப்பார்கள். ஊருக்கு உரிய கிரீடம் இது. அதனால்தான் 1910-இல் போர்த்துகலில் மன்னராட்சி முடிந்து குடியரசு வந்தபிறகும், நாட்டுச் சின்னத்திலிருந்து அரச கிரீடம் போனபிறகும், ஊர்ச் சின்னங்களில் கிரீடம் இருப்பது யாருக்கும் முரணாகத் தோன்றவில்லை.

முன்பக்கம் தெரியும் கோபுரங்களை எண்ணுங்கள். ஐந்து வெள்ளிக் கோபுரங்கள் இருந்தால் அது நகரம். நான்கு இருந்தால் சிறுநகரம். மூன்று என்றால் கிராமத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு. தலைநகரான லிஸ்பனுக்கு மட்டும் ஐந்து கோபுரங்களும் தங்கத்தில் இருக்கும்.

மொன்சாவ் சிறுநகரம், ஆகவே நான்கு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோபுர எண்ணிக்கை மக்கள்தொகையைச் சொல்வதில்லை, சட்டப்படி கிடைத்த தகுதியைச் சொல்கிறது. லிஸ்பனுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ட்ரா நகராட்சியில் 2021 கணக்கெடுப்பின்படி 3,85,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். நாட்டிலேயே அதிக மக்கள் உள்ள நகராட்சிகளில் லிஸ்பனுக்கு அடுத்தது அதுதான். ஆனாலும் சின்ட்ரா இன்றுவரை சிறுநகரமாகவே தொடர்கிறது. கிரீடத்தில் நான்கு கோபுரங்கள்தான். அதே நேரம் ஸ்பெயின் எல்லைப்பக்கம் மலைகளுக்கு நடுவே இருக்கும் பின்யெல் நகராட்சியில் சுமார் 8,000 பேர்தான் இருக்கிறார்கள். அதற்கு ஐந்து கோபுரங்கள்! 1770-இல், முதலாம் ஜோசே மன்னர் காலத்தில், பின்யெலுக்கு ஓர் ஆயர் (பிஷப்) ஆசனம் கிடைத்தது, ஒரு மறைமாவட்டத்தின் தலைமையிடம் ஆனது. ஆயர் இருக்கும் ஊர் நகரமாக இருக்க வேண்டும் என்பது அக்கால வழக்கம். அதனால் பின்யெல் நகரமானது. அந்த மறைமாவட்டம் 19-ஆம் நூற்றாண்டிலேயே கலைக்கப்பட்டுவிட்டது. ஐந்தாவது கோபுரம் மட்டும் இன்னும் இருக்கிறது.

பிற்காலத்தில் இதற்கு எண்கள் வந்தன. 1982-இல் வந்த சட்டம், நகரமாக உயர விரும்பும் சிறுநகரத்தில் தொடர்ச்சியான குடியிருப்புப் பகுதியில் 8,000 வாக்காளர்களுக்கு மேல் இருக்க வேண்டும் என்றது. மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், நூலகம், பள்ளிகள், பூங்கா போன்றவற்றில் பாதியாவது இருக்க வேண்டும் என்றும் கேட்டது. சிறுநகரமாக உயர 3,000 வாக்காளர்கள். வரலாற்று முக்கியத்துவம் இருந்தால் விலக்கும் உண்டு. எண்கள் வந்தாலும் பழைய தகுதிகளை யாரும் பறிக்கவில்லை என்பது எனக்குச் சரியாகவே படுகிறது. ஓர் ஊர் சுருங்கிப்போனதற்காக அதன் கிரீடத்திலிருந்து ஒரு கோபுரத்தைப் பிடுங்குவது கொடுமையாக இருந்திருக்கும்.

நான்கு கோபுர ஊர்களில் ஒன்றைத் தமிழ் வாசகர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தெற்கே அலென்தேஜு பகுதியில் விலா விசோசா என்ற சிறுநகரம். பிரகான்சா பிரபுக்களின் அரண்மனை இருந்த ஊர் என்று அங்கே பெயர். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலை உருவாக்கிய அன்றீக்கு அடிகளார், அதாவது ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், பிறந்தது அந்த ஊரில்தான்.

சரி, இப்போது கேடயத்துக்குள் போகலாம்.

கேடயத்துக்குள் இருப்பது

புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் அடிப்படை ஒன்று இருக்கிறது. மரபுச் சின்னம் என்பது ஒரு குறிப்பிட்ட படம் அல்ல. அது ஒரு வாசகம். ‘இந்த நிறத் தரையில், இந்த நிறத்தில் ஒரு கோபுரம், அதன் மேல் இப்படி ஒரு உருவம்’ என்று சொற்களால் எழுதப்பட்ட விவரிப்புதான் சட்டப்படி செல்லும். அந்த விவரிப்பை வைத்து யார் வேண்டுமானாலும் வரையலாம். ஒருவர் வரைந்த கோபுரம் ஒல்லியாக இருக்கும், இன்னொருவர் வரைந்தது குட்டையாக இருக்கும். இரண்டும் ஒரே சின்னம்தான். நாடகப் பிரதியும் மேடையேற்றமும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஒரே ஊரின் சின்னம் மூன்று விதமாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுவே.

நிறங்களும் குறைவுதான். தங்கம், வெள்ளி என்று இரண்டு உலோகங்கள். சிவப்பு, நீலம், பச்சை, கருப்பு, ஊதா என்று ஐந்து வண்ணங்கள். துணியில் தங்கம் மஞ்சளாகவும் வெள்ளி வெண்மையாகவும் மாறும். உலோகத்தின் மேல் உலோகம் வரக்கூடாது, வண்ணத்தின் மேல் வண்ணம் வரக்கூடாது என்பது ஐரோப்பா முழுவதும் செல்லும் பழைய விதி. போர்க்களத்தில் தூரத்திலிருந்து அடையாளம் தெரிய வேண்டுமே! நீலத்தின் மேல் கருப்பு எடுபடாது. வெள்ளியின் மேல் கருப்பு பளிச்சென்று தெரியும்.

கல்லிலோ கருப்பு வெள்ளை அச்சிலோ சின்னத்தைப் பார்த்தால் நிறம் எப்படித் தெரியும்? அதற்குக் கோடுகள் இருக்கின்றன. செங்குத்துக் கோடுகள் என்றால் சிவப்பு, கிடைக்கோடுகள் நீலம், புள்ளிகள் தங்கம், வெறுமையாக விட்டிருந்தால் வெள்ளி. இது தெரிந்தபிறகு பழைய முத்திரைகளைப் பார்க்கும் விதமே மாறிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு: சின்னத்தில் வலது என்றால் கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலது. பார்க்கும் நமக்கு அது இடது. விவரிப்பைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் எல்லாம் தலைகீழாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

இப்போது மொன்சாவின் பெண்ணிடம் வருவோம். அவள் பெயர் டெவ்லாடெவ் மார்ட்டின்ஸ். 14-ஆம் நூற்றாண்டில், போர்த்துகலின் ஃபெர்னான்டோ மன்னர் அண்டை நாடான காஸ்டீலோடு (இன்று அது ஸ்பெயினின் பகுதி) போரிட்ட காலத்தில், ஊரின் காவல் தலைவனுடைய மனைவி. மரபுக் கதை இப்படிப் போகிறது. கணவன் ஊரில் இல்லாத சமயம் பார்த்துக் காஸ்டீல் படை மொன்சாவைச் சூழ்ந்துகொண்டது. முற்றுகை நீண்டது. உள்ளே உணவு தீர்ந்தது, ஆட்கள் குறைந்தார்கள். இனி தாங்காது என்ற நிலையில் அவள் ஊரில் மிச்சமிருந்த மாவு முழுவதையும் திரட்டி ரொட்டி சுடச் சொன்னாள். மதில் மேல் ஏறி, அந்த ரொட்டிகளை எதிரிப் படையை நோக்கி வீசினாள். எங்களிடம் நிறைய இருக்கிறது, இன்னும் வேண்டுமானால் கேளுங்கள் என்று கூவினாள். வெளியே இருந்த படைக்கும் பசிதான். இவ்வளவு உணவு வைத்திருப்பவர்களைப் பட்டினி போட்டுப் பணிய வைக்க முடியாது என்று முடிவுகட்டி முற்றுகையை விலக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சின்னத்தில் அவளைச் சுற்றி எழுதியிருக்கும் வாசகத்தின் பொருள், ‘கடவுள் அவளைத் தந்தார், கடவுளே இதைத் தந்தார்’ என்பது. அவள் பெயரும் ஏறக்குறைய அதே பொருள்தான் தரும். இன்று ஊரின் முக்கியச் சதுக்கத்துக்கு அவள் பெயர். அந்த வட்டாரத்தில் விளையும் அல்வரின்யு திராட்சையிலிருந்து எடுக்கும் பெயர்பெற்ற வெள்ளை ஒயின் ஒன்றுக்கும் அவள் பெயர்.

இது அப்படியே நடந்ததா என்ற கேள்வியைவிட வேறொன்றுதான் என்னை இழுக்கிறது. போர் வெற்றியைச் சொல்ல வாளையோ வெட்டுண்ட தலையையோ எடுத்துக்கொள்ளாமல், தன் கடைசி உணவைக் கொடுத்துவிட்ட தருணத்தை இந்த ஊர் எடுத்துக்கொண்டிருக்கிறது. எல்லா ஊரும் அப்படிச் செய்யவில்லை. எவோரா நகரின் சின்னத்தில் வாளேந்திய குதிரைவீரன் வருகிறான். பக்கத்தில் ஓர் ஆணின் தலையும் ஒரு பெண்ணின் தலையும் வெட்டுண்டு கிடக்கின்றன. அந்த வீரன் 1165-இல் எவோராவை முஸ்லிம் ஆட்சியிடமிருந்து பிடித்த ‘பயமறியா ஜெரால்டோ’. அந்தச் சின்னத்தை இன்று பார்க்கும்போது மனம் கூசுகிறது. அது அந்த ஊரின் நினைவு, அதை அழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குழந்தைகளுக்கு அதை விளக்கும் ஆசிரியருக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அலென்தேஜுவில் இருக்கும் மௌராவின் சின்னம் இதே வரலாற்றை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறது. அதில் ஒரு கோபுரம். அதன் காலடியில் ஒரு பெண் இறந்து கிடக்கிறாள். அவள் சலூக்கியா, அந்தக் கோட்டையை ஆண்ட முஸ்லிம் இளவரசி. திருமணத்துக்காக மணமகன் வருவதை எதிர்பார்த்திருந்தாள். வழியிலேயே அவனையும் உடன் வந்தவர்களையும் கிறிஸ்தவ வீரர்கள் கொன்று, அவர்களுடைய உடைகளைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவள் கதவைத் திறக்கச் சொன்னாள். ஏமாந்தது தெரிந்ததும் கோபுரத்திலிருந்து குதித்துவிட்டாள் என்கிறது கதை. தோற்றவளின் சாவைத் தன் அடையாளமாகத் தாங்கி நிற்கிறது அந்த ஊர். போர்த்துகல் ஊர்ச் சின்னங்களில் என்னை அதிகம் கலங்க வைத்தது இதுதான்.

எல்லாச் சின்னங்களுக்கும் இவ்வளவு பெரிய கதை இருக்காது. பல ஊர்கள் பெயரையே படமாக்கிக்கொள்கின்றன. பின்யெலின் பெயர் பைன் மரத்தை நினைவூட்டும். சின்னத்தில் ஒரு பைன் மரம், அதில் ஒரு வல்லூறு. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த போரில் காஸ்டீல் மன்னரின் வல்லூறைப் பின்யெல் ஆட்கள் பிடித்துவிட்டார்கள் என்று அந்தப் பறவைக்குக் காரணம் சொல்வார்கள். ஃப்ரெய்ஷு டி எஸ்பாடா ஆ சின்டா என்ற நீண்ட பெயருள்ள எல்லையோரச் சிறுநகரத்தின் பெயருக்கு ‘இடுப்பில் வாள் கட்டிய ஆஷ் (ash) மரம்’ என்று பொருள். சின்னத்திலும் அப்படியே ஒரு மரம், அடிமரத்தில் கச்சையோடு ஒரு வாள். தினிஸ் மன்னர் அந்த மரத்தடியில் இளைப்பாறியபோது தன் வாளை அதில் மாட்டினார் என்பது ஒரு கதை. 1513-இல் கடல்வழியாகச் சீனாவை அடைந்த ஜோர்ஜே அல்வாரஸ் பிறந்த ஊராகவும் இதையே சொல்வார்கள்.

நீல வெள்ளி அலைகள் வந்தால் ஆறு அல்லது கடல். திராட்சைக் குலை, ஆலிவ் கிளை, கோதுமைக் கதிர் வந்தால் அந்த ஊரின் விளைச்சல். இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. கேடயத்தில் ஐந்து சிறு நீலக் கேடயங்களைப் பார்த்தால், அல்லது சிவப்பில் தங்கக் கோட்டைகளைப் பார்த்தால், அவை போர்த்துகல் நாட்டுச் சின்னத்திலிருந்து வந்தவை. மன்னரோடு இருந்த நெருக்கத்தைக் காட்டுகின்றன.

நெருக்கம் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் ஊர் சாட்சி. பின்யெலுக்குப் பக்கத்தில் மலை மேல் கஸ்டெலோ ரொட்ரிகோ. 1383-இல் மன்னர் ஃபெர்னான்டோ இறந்ததும் அரியணைக்குச் சண்டை வந்தது. அவர் மகள் பியட்ரிஸ் காஸ்டீல் மன்னருக்கு மனைவி. அவளுடைய பக்கம் நின்றது கஸ்டெலோ ரொட்ரிகோ. வென்றதோ முதலாம் ஜுவாவ். தண்டனையாக, ஊர்ச் சின்னத்தில் அரச கேடயத்தைத் தலைகீழாகத்தான் வைக்க வேண்டும் என்று அவர் உத்தரவிட்டார் என்று சொல்கிறார்கள். ஒரு படத்தைத் திருப்பி வைப்பதே தண்டனையாக இருந்த காலம். சின்னங்களை மக்கள் எவ்வளவு கவனமாகப் படித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குக் கிடைக்கவில்லை.

கொடி

கொடிக்கு வருவோம். சின்னத்தைப் புரிந்துகொண்டவர்களுக்குக் கொடி மிக எளிது. நடுவில் முழுச் சின்னமும் கிரீடம், நாடாவோடு இருக்கும். பின்னணியில்தான் செய்தி இருக்கிறது.

நகரத்தின் கொடி எட்டுப் பகுதிகளாகப் பிரிந்திருக்கும். நடுப்புள்ளியில் சந்திக்கும் எட்டு முக்கோணங்கள், இரண்டு நிறங்கள் மாறி மாறி. சிறுநகரத்தின் கொடியில் இந்த எட்டுப் பிரிவு வராது. அது நான்கு கட்டங்களாகவோ ஒரே நிறமாகவோ இருக்கும். ஆக, கோபுரங்களை எண்ண முடியாத தூரத்தில் பறந்தாலும் முக்கோணங்கள் தெரிந்தால் நகரம் என்று சொல்லிவிடலாம். நிறங்களை நினைத்தபடி எடுக்க முடியாது. கேடயத்தில் இருக்கும் முக்கிய நிறங்களிலிருந்துதான் வர வேண்டும்.

லிஸ்பனின் கொடி கருப்பும் வெள்ளையும். அதன் கேடயத்தில் ஒரு கப்பல், முன்னும் பின்னுமாக இரண்டு அண்டங்காக்கைகள். புனித வின்சென்டின் உடல் எச்சங்கள் 1173-இல் நாட்டின் தென்மேற்கு முனையிலிருந்து கப்பலில் லிஸ்பனுக்கு வந்தபோது அண்டங்காக்கைகள் துணைக்கு வந்தன என்ற கதையின் படம் அது. லிஸ்பன் தெருவிளக்குக் கம்பங்களிலும் நடைபாதைக் கற்களிலும் அந்தக் கப்பலைப் பார்க்கலாம். கொய்ம்ப்ராவின் கொடி மஞ்சளும் ஊதாவும். ஊதா மரபுச் சின்னங்களில் அபூர்வம் என்பதால் அதை ஒருமுறை பார்த்தால் மறக்காது. அதன் கேடயத்தில் கிண்ணம் ஒன்றிலிருந்து எழும் முடிசூடிய பெண், ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் டிராகன்.

லிஸ்பனின் கருப்பு வெள்ளை முக்கோணங்களை வேறொரு நாட்டிலும் பார்க்கலாம். வட ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் செயுத்தா இன்று ஸ்பெயினின் நகரம். 1415-இல் போர்த்துக்கீசியர் அதைப் பிடித்தார்கள். 1640-இல் போர்த்துகல் ஸ்பெயினிலிருந்து பிரிந்தபோது செயுத்தா ஸ்பெயின் பக்கமே இருந்துவிட்டது. 1668 ஒப்பந்தத்தில் அது உறுதியானது. ஆனால் கொடியை மாற்றவில்லை. இன்றும் அதில் லிஸ்பனின் எட்டு முக்கோணங்கள், நடுவில் போர்த்துகலின் ஐந்து சிறு கேடயங்களும் கோட்டைகளும். நாடு மாறி 350 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

ஏற்றிப் பறக்கவிடும் கொடி இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் இருக்கும். விழாக்களில் ஊர்வலமாக எடுத்துச் செல்வது வேறு வகை: பக்கத்துக்கு ஒரு மீட்டர் அளவுள்ள சதுரம், பட்டில் பூவேலை செய்தது, குஞ்சங்களோடு.

குறையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் சின்னம் இல்லாவிட்டால் இந்தக் கொடிகளில் பல ஒன்றைப் போலவே இருக்கின்றன. நீலமும் வெள்ளையும், பச்சையும் மஞ்சளும் எத்தனையோ ஊர்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. நடுவில் இருக்கும் நுணுக்கமான படமோ காற்றில் பறக்கும்போது தெரியாது. கொடி என்ற அளவில் இது பலவீனம்தான்.

இந்த ஒழுங்கு எப்போது வந்தது?

ஊர்களுக்குச் சின்னம் என்பது பழைய வழக்கம். இடைக்காலத்தில் மன்னர் ஓர் ஊருக்கு உரிமைப் பட்டயம் கொடுப்பார். எந்த வரி, எந்த நீதிமன்றம், யாருக்கு என்ன உரிமை என்பதெல்லாம் அதில் இருக்கும். மொன்சாவுக்கு 1261-இல் மூன்றாம் அஃபொன்சோ கொடுத்தார். பட்டயம் வாங்கிய ஊர் தன் பெயரில் ஆவணம் எழுதும், அதற்கு முத்திரை வேண்டும், முத்திரையில் ஒரு படம் வேண்டும். ஊர் நடுவில் ஒரு கல்தூணும் நிற்கும். சுயாட்சிக்கு அடையாளம் அது. குற்றவாளிகளைக் கட்டித் தண்டித்த இடமும் அதுதான். இந்தத் தூண்களிலும் நீரூற்றுகளிலும் ஊர்ச் சின்னத்தைச் செதுக்கி வைத்தார்கள்.

காலப்போக்கில் பெரும் குழப்பம் சேர்ந்தது. ஒரே ஊரின் சின்னம் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் இருந்தது. சில ஊர்கள் அரசச் சின்னத்தையே போட்டுக்கொண்டன. 1836 சீர்திருத்தம் எண்ணூறுக்கு மேல் இருந்த நகராட்சிகளை 351 ஆகக் குறைத்தபோது பல ஊர்கள் பக்கத்து ஊரோடு சேர்ந்தன. அவற்றின் சின்னங்கள் கேட்பாரற்றுப் போயின. கஸ்டெலோ ரொட்ரிகோவின் தலைமையிடமும் மலையை விட்டிறங்கிச் சமவெளியில் இருக்கும் ஃபிகெய்ராவுக்குப் போனது அப்போதுதான்.

1930 ஏப்ரல் 14 அன்று உள்துறை அமைச்சகத்திலிருந்து நகராட்சிகளுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. ஒவ்வொரு ஊரும் தன் சின்னத்தை ஒழுங்குபடுத்த வேண்டும், அதற்குப் போர்த்துக்கீசியத் தொல்லியலாளர் சங்கத்தின் மரபுச் சின்னப் பிரிவிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று அது சொன்னது. கோபுர எண்ணிக்கை, கேடயத்தின் வடிவம், முக்கோணக் கொடி எல்லாம் நாடு முழுவதும் ஒரே ஒழுங்காக வந்தது அதற்குப் பிறகுதான். 1863-இல் தொடங்கிய அந்தச் சங்கம் லிஸ்பனில் கார்மோ மடத்தின் இடிபாடுகளுக்குள் இயங்குகிறது. 1755 நிலநடுக்கத்தில் கூரை விழுந்து, இன்றும் வானம் பார்த்து நிற்கும் கோதிக் வளைவுகள் அவை. அங்கிருந்து அஃபொன்சோ டி டோர்னெலாஸ் என்ற அறிஞர் ஊர் ஊராகக் கருத்துரை எழுதினார். பழைய முத்திரையைத் தேடுவார், வரலாற்றைப் பார்ப்பார், இன்னது வேண்டும் இன்னது வேண்டாம் என்பார். நிறங்களுக்குப் பொருளும் சொல்வார்: கருப்பு மண்ணைக் குறிக்கும், உறுதிக்கும் நேர்மைக்கும் அடையாளம், வெள்ளி பணிவும் செல்வமும். இந்தப் பொருள்களை ரொம்பவும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. பெரும்பாலும் நிறம் முன்பே இருந்தது, பொருள் பிறகு வந்து சேர்ந்தது.

அந்த ஒழுங்குபடுத்தலில் சில அழகான பழைய சின்னங்கள் வழக்கமான வடிவுக்குள் மடங்கிப்போயின; அதற்காக வருந்துபவர்கள் உண்டு. எனக்கும் அந்த வருத்தம் இருக்கிறது. ஆனால் அந்த விதிகள் சட்டகத்தைத்தான் பொதுவாக்கின, உள்ளே இருப்பதை ஊரிடமே விட்டன. லிஸ்பனும் மொன்சாவும் ஒரே வடிவக் கேடயத்தைத்தான் தாங்குகின்றன. மேலே ஒரு கோபுரமும் கொஞ்சம் தங்கமும் மட்டும் வித்தியாசம். 18,000 பேர் உள்ள ஊரின் ரொட்டி, தலைநகரின் கப்பல் அளவுக்கே இடம் பிடித்திருக்கிறது. இந்தச் சமத்துவத்துக்காக அந்த ஒழுங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது நடப்பில் இருப்பது 1991 ஆகஸ்டில் வந்த சட்டம். அடிப்படை விதிகள் பெரும்பாலும் பழையவையே. ஊர் மன்றம் முடிவெடுக்க வேண்டும், மரபுச் சின்னக் குழுவின் கருத்தைப் பெற வேண்டும், பிறகு அரசிதழில் வெளியாக வேண்டும். நகராட்சிக்குக் கீழே இருக்கும் சின்னஞ்சிறு அமைப்புகளும், அதாவது பழைய தேவாலயப் பங்குகளிலிருந்து வந்த கிராம அளவிலான ஆட்சிப் பகுதிகளும், இந்த வழியில் சின்னம் வாங்கிக்கொள்கின்றன. 2013-இல் சிக்கன நடவடிக்கையாக அவற்றைச் சேர்த்துக் குறைத்தார்கள். நாலாயிரத்துக்கு மேல் இருந்தவை 3,092 ஆயின. இரண்டு மூன்று ஊர்களின் பெயர்களைக் கோத்த நீளமான பெயர்களோடு புதிய அமைப்புகள் வந்தன. எந்த ஊரின் தேவாலயத்தை வரைவது, எந்த ஊரின் ஆற்றை விடுவது என்ற கேள்வியும் கூடவே வந்தது. 2025-இல் அவற்றில் பலவற்றை மீண்டும் பிரித்தார்கள். பிரிந்த ஊர்கள் தங்கள் பழைய பெயர்களுக்குத் திரும்புகின்றன; மூன்று கோபுரக் கிரீடத்தின் கீழ் அவரவர் ஆலயமணி, ஆலிவ் கிளை, ஆற்றின் அலைகள் மறுபடி தனித்தனியாக இடம்பிடிக்க வழி திறந்திருக்கிறது.